மாலை நேரத்து வானொலி: முதல் நிகழ்ச்சிகளுக்கு வடிவம் கொடுத்தவை எவை?

பல நாடுகளில் மத்திய அலை வானொலி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவருகின்றன. அதே சமயம் 1930களின் அமெரிக்க, பிரிட்டிஷ் வானொலி நிகழ்ச்சிகள் எண்மப் பதிவுகளாக இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை முதன்முறை கேட்பவர்களுக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. பெயர் பெற்ற நிகழ்ச்சிகள் ஏன் மாலையையும் முன்னிரவையும் சுற்றியே இருக்கின்றன? பாடகர்கள் ஏன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அடங்கிய குரலில் பாடுகிறார்கள்? தொடர் நாடகம் ஏன் கால் மணி நேரத்தில் முடிகிறது? கதை தொடங்கும் முன்பே ஏன் ஒரு பற்பசையின் பெயர் வருகிறது? 1920களின் நிகழ்ச்சிகள் ஏன் அநேகமாகக் கிடைப்பதே இல்லை?

"அந்தக் காலத்து ரசனை அப்படி" என்ற பதில் எளிது, ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. வானத்தின் இயல்பு, வீட்டில் இருந்த கருவி, நிலையத்தில் இருந்த ஒலிவாங்கி, பணம் கொடுத்தவர் ஆகிய நான்கும் சேர்ந்து நிகழ்ச்சிகளின் வடிவத்தை முடிவு செய்தன. ரசனை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உருவானது.

ஒலிபரப்பு எங்கே தொடங்குகிறது?

கம்பியில்லாத் தந்தி ஒரு முனையிலிருந்து குறிப்பிட்ட இன்னொரு முனைக்குச் செய்தி அனுப்பும் முறை. கப்பலுக்கும் கரைக்கும், படைக்கும் தலைமையகத்துக்கும் அது பயன்பட்டது. யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல், கேட்க விரும்பும் எல்லோருக்குமாக அனுப்புவது ஒலிபரப்பு. கருவி ஏறக்குறைய ஒன்றுதான். நோக்கம் முற்றிலும் வேறு.

இந்த மாற்றத்தைக் காட்டும் இரண்டு மாலைகள் 1920இல் வந்தன. ஜூன் 15 அன்று மாலை 7.10 மணிக்கு, இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் இருந்த மார்க்கோனி நிறுவனத் தொழிற்சாலையிலிருந்து ஓப்ரா பாடகி நெல்லி மெல்பா பாடினார். செலவை ஏற்றது டெய்லி மெயில் நாளிதழ். நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கேடிகேஏ நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. நாளிதழ் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வந்த எண்களை ஒருவர் வாசித்தார். இடைவெளிகளில் இசை ஒலித்தது.

வெஸ்டிங்ஹவுஸ் மின்கருவிகள் செய்யும் நிறுவனம். ஒலிபரப்பில் அதற்கு நேரடி வருமானம் எதுவும் இல்லை. வானில் கேட்பதற்கு ஏதாவது இருந்தால்தான் மக்கள் வானொலிப் பெட்டி வாங்குவார்கள் என்ற கணக்கே நிலையத்தைப் பிறப்பித்தது. பகல் முழுவதும் வேலையில் இருக்கும் குடும்பம் பெட்டியின் முன்னால் உட்காரக்கூடிய நேரம் மாலை. ஆகவே தொடக்கத்திலேயே ஒலிபரப்பு மாலையைத் தேடிப் போனது. ஆனால் மாலையைத் தேர்ந்தெடுக்க இயற்பியலும் ஒரு காரணம் வைத்திருந்தது.

வானம் செய்த வேலை

மத்திய அலை என்பது தோராயமாக 200 மீட்டர் முதல் 600 மீட்டர் வரை நீளமுள்ள வானொலி அலைகள். தொடக்ககால நிலையங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இயங்கின. இவை இரண்டு வழிகளில் பயணம் செய்யும்.

1. தரையை ஒட்டிச் செல்லும் அலை. இது பகலிலும் இரவிலும் உண்டு. அன்றைய சிறிய அனுப்பிகளிலிருந்து புறப்பட்டால் சில பத்து கிலோமீட்டருக்குள் மெலிந்துவிடும்.

2. மேல்நோக்கிச் செல்லும் அலை. பகலில் இது வீணாகிவிடும். சூரிய ஒளி, தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. அந்த அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது.

சூரியன் மறைந்ததும் அந்தக் கீழ் அடுக்கு கரைந்துபோகிறது. சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ள அடுக்குகள் இரவிலும் நிற்கின்றன. அலை அங்கே வளைந்து பூமிக்குத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இறங்குகிறது.

பகலில் ஒரு நகரத்துக்குள் அடங்கிக் கிடக்கும் நிலையம் இரவில் ஒரு நாட்டையே எட்டியது இதனால்தான். இப்படியோர் அடுக்கு இருக்க வேண்டும் என்று கென்னலி, ஹெவிசைடு என்ற இரு மின்பொறியாளர்கள் 1902இலேயே ஊகித்திருந்தார்கள். பிரிட்டிஷ் இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன் அதை அளந்து காட்டியது 1924 டிசம்பரில். அந்தச் சோதனைக்கு அவர் பயன்படுத்தியது, இரவு நிகழ்ச்சி முடிந்து ஓய்ந்திருந்த பிபிசியின் போர்ன்மத் அனுப்பியை. பொழுதுபோக்குக்காகக் கட்டிய கருவி, இந்த அடுக்குகள் சேர்ந்த அயனி மண்டலத்தை அளக்க உதவியது என்பது அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று.

இரவின் இந்த வரத்தோடு தொல்லையும் வந்தது. தரையலையும் வானலையும் ஒரே பெட்டியை வந்தடையும்போது சில நொடிகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில நொடிகள் ஒன்றையொன்று அழிக்கும். பாட்டு பெருகி வந்து, பிறகு தேய்ந்து மறையும். தொலைதூர நிலையங்கள் உள்ளூர் நிலையத்தின்மேல் ஏறி ஒலிக்கும். அமெரிக்காவில் நெரிசல் இன்னும் மோசம். 1922இல் பொழுதுபோக்கு ஒலிபரப்புக்கென்று முதலில் இருந்தது 360 மீட்டர் என்ற ஒரே அலைநீளம்தான். ஒரே ஊரில் உள்ள நிலையங்கள் மாலையைப் பங்கு போட்டுக்கொண்டன: ஒன்று ஏழு மணிக்கு ஓய்ந்தால் மற்றது தொடங்கும். சிகாகோவில் சில ஆண்டுகள் திங்கட்கிழமை இரவுகளில் உள்ளூர் நிலையங்கள் தாமாகவே மௌனமாயின. தொலைவில் உள்ள நிலையங்களைத் தேடிப் பிடிக்க விரும்பிய நேயர்களுக்கு வழிவிடத்தான் அந்த ஏற்பாடு.

அந்தக் காலகட்டத்தில் பலருக்கு நிகழ்ச்சியை விடத் தூரமே பொழுதுபோக்காக இருந்தது. ஒரு நிலையத்தின் பெயர் காதில் விழும்வரை காத்திருந்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு, உடனே அடுத்ததைத் தேடினார்கள். முழு நிகழ்ச்சியையும் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் பிறகுதான் வந்தது.

வீட்டில் இருந்த கருவி

மலிவான பெட்டி கிரிஸ்டல் செட். கலீனா என்னும் ஈயத் தாதுத் துண்டின்மேல் மெல்லிய கம்பியின் நுனியை வைத்து, ஒலி வரும் புள்ளியைத் தேட வேண்டும். மின்சாரம் தேவையில்லை, வானில் வரும் அலையின் ஆற்றலே போதும். ஆனால் அந்த ஆற்றலால் ஒலிபெருக்கியை இயக்க முடியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்ட ஒருவருக்கு மட்டுமே கேட்கும். ஹெட்போனை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து, மேசையைச் சுற்றிக் காதை நீட்டிக் கேட்ட குடும்பங்களும் உண்டு.

வால்வு செட் ஒலியைப் பெருக்கும். ஆனால் வால்வின் இழையைச் சூடாக்க ஈய அமில பேட்டரியும், உயர் மின்னழுத்தத்துக்குத் தனியாக உலர் பேட்டரியும் வேண்டும். ஈய அமில பேட்டரியைக் கடைக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றி வர வேண்டும். நாள் முழுவதும் பெட்டியை ஓடவிடுவது கட்டுப்படியாகாது; விரும்பிய நிகழ்ச்சிக்காக மாலையில் திறந்து, முடிந்ததும் மூடினார்கள். நேரடியாக வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெட்டிகள் பரவலானது 1927ஐ ஒட்டித்தான். அதுவரை குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் காட்சி, விளம்பரப் படங்களில் இருந்த அளவுக்கு வீடுகளில் இல்லை.

ஒலிவாங்கியின் முன்னால்

நிகழ்ச்சிகளின் வடிவத்தை மிகவும் மாற்றியது இந்தப் பகுதிதான் என்பது என் கருத்து.

செம்ஸ்ஃபோர்டில் மெல்பா பாடிய ஒலிவாங்கி, ஒரு தொலைபேசி வாய்க்குழலோடு சுருட்டுப் பெட்டி மரத்தால் செய்த ஊதுகுழலைப் பொருத்தியது. ஓப்ரா அரங்கின் கடைசி வரிசைவரை ஒலிபெருக்கி இல்லாமல் எட்டும்படி பழகிய குரலை இந்தச் சிறு கருவி தாங்க வேண்டியிருந்தது. அக்காலக் கரி ஒலிவாங்கிகள் இரைச்சல் நிறைந்தவை; உரத்த ஒலியில் கரகரத்துவிடும். உச்ச ஸ்வரம் ஒன்று திடீரென்று பாய்ந்தால் அனுப்பியும் தன் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே உரக்கப் பாடுபவர் ஒலிவாங்கியிலிருந்து விலகி நிறுத்தப்பட்டார், மெல்லப் பாடுபவர் அருகே அழைக்கப்பட்டார்.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. அரங்கில் வெற்றிபெறத் தேவைப்பட்ட பெருங்குரல் இங்கே பாரமானது. அரங்கில் இரண்டாம் வரிசைக்குக்கூடக் கேட்காத குரல் இங்கே வரமானது. 1920களின் நடுவிலிருந்து கன்டென்சர் ஒலிவாங்கியும், 1930களின் தொடக்கத்தில் ரிப்பன் ஒலிவாங்கியும் வந்தபோது மூச்சின் அசைவுகூடப் பதிவாகியது. ரூடி வேலி, பிங் கிராஸ்பி போன்றோரின் அடங்கிய பாடும் முறை இந்தக் கருவியோடு சேர்ந்து வளர்ந்தது. கேட்பவர் கூட்டத்தில் இல்லை, வீட்டில் தனியாகவோ இருவர் மூவராகவோ இருக்கிறார் என்பதை அந்தப் பாடகர்கள் புரிந்துகொண்டார்கள்.

அறையும் சிக்கல் தந்தது. 1921இல் கேடிகேஏ இசைக்குழுக்களைத் தொழிற்சாலைக் கூடங்களில் வாசிக்க வைத்துப் பார்த்தது. எதிரொலி எல்லாவற்றையும் குழப்பியது. மொட்டைமாடியில் ஒரு கூடாரம் அமைத்து வாசிக்கவைத்தார்கள், ஒலி தெளிவாக வந்தது. பலத்த காற்றில் கூடாரம் பறந்துபோனபோது, கூடாரத்தை ஓர் அறைக்குள்ளேயே அடித்தார்கள். சுவர்களைத் தடித்த துணியால் மூடிய ஸ்டுடியோக்கள் பல இடங்களில் எழுந்தன. அந்த அறைகளில் குரல் வாயைவிட்டு வெளியே வந்ததும் செத்துவிடும். பாடகருக்குத் தன் குரலே அந்நியமாகத் தோன்றும்.

நகைச்சுவை நடிகர்களுக்கு இந்த மௌனம் இன்னும் கொடியது. மேடைக் கலைஞர் எட் வின் 1922இல் தன் மேடை நிகழ்ச்சியை நியூவர்க் நகரின் டபிள்யூஜேஇசட் நிலையத்தில் நடித்தார். நகைச்சுவைக்கு மறுமொழியாகச் சிரிப்பு வரவில்லை, அவர் தடுமாறினார். நிலையத்தில் இருந்த பணியாளர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்த பிறகே நிகழ்ச்சி தேறியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1932இல் அவர் மீண்டும் வானொலிக்கு வந்தபோது, உடையலங்காரத்தோடு, எதிரே உண்மையான கூட்டத்தோடு வந்தார். ஸ்டுடியோவில் பார்வையாளர்களை அமர்த்துவது பெரிய நிகழ்ச்சிகளின் வழக்கமாயிற்று. இன்று நாம் கேட்கும் பதிவுகளில் உள்ள சிரிப்பு, வீட்டில் இருப்பவருக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. நடிகர் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே தொடர வேண்டும் என்பதை அது அவருக்குச் சொன்னது.

நாடகம் வேறு வழி கண்டது. மேடை நாடகத்தை அப்படியே ஒலிபரப்பியபோது யார் பேசுகிறார்கள், யார் உள்ளே வந்தார்கள் என்றே நேயர்களுக்கு விளங்கவில்லை. 1924 ஜனவரி 15 அன்று லண்டன் நிலையம் ரிச்சர்ட் ஹியூஸ் வானொலிக்கென்றே எழுதிய ஒரு குறுநாடகத்தை ஒலிபரப்பியது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்குகள் அணைந்துவிடுகின்றன. கதை மாந்தருக்கும் எதுவும் தெரியவில்லை, கேட்பவருக்கும் தெரியவில்லை. பார்வை இல்லாமையைக் குறையாக மறைக்காமல் கதையின் களமாகவே ஆக்கிய அந்தத் துணிவு, வானொலி நாடகத்துக்குத் தனி இலக்கணம் உண்டு என்று காட்டியது. பின்னால் வந்த வானொலி நாடகாசிரியர்கள் எல்லோரும் அதற்குக் கடன்பட்டவர்கள்.

மாலையின் வரிசையைப் பணம் கொடுத்தவர் எழுதினார்

பிரிட்டனில் தொடக்கம் கெடுபிடியானது. 1922 பிப்ரவரி 14 அன்று ரிட்டில் கிராமத்தின் மரக்குடிலிலிருந்து மார்க்கோனி நிறுவனப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லியும் நண்பர்களும் தொடங்கிய ஒலிபரப்புக்கு, செவ்வாய் மாலைகளில் அரை மணி நேரமே அனுமதி. அதற்குள்ளும் அவ்வப்போது மூன்று நிமிடம் நிறுத்தி, ஒலிபரப்பை மூடச் சொல்லி அரசு உத்தரவு வருகிறதா என்று கேட்டாக வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று லண்டனின் 2எல்ஓ நிலையத்திலிருந்து பிபிசி தன் அன்றாடச் சேவையைத் தொடங்கியது. ஆர்தர் பரோஸ் செய்தியை ஒரு முறை வேகமாகவும் ஒரு முறை மெதுவாகவும் வாசித்து, எது வசதி என்று நேயர்களைக் கேட்டார்.

பிபிசிக்கு வருமானம், பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்குச் செலுத்திய 10 ஷில்லிங் உரிமக் கட்டணத்தின் ஒரு பங்கு. விளம்பரம் இல்லை. ஆகவே எந்த ஒரு நிகழ்ச்சியும் பெருங்கூட்டத்தைப் பிடித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லை; மாலையில் குழந்தைகள் நேரம், உரை, செவ்வியல் இசை, கடைசியில் ஹோட்டல் நடன இசைக்குழு என்று கலவையாகப் போக முடிந்தது. ஆனால் நாளிதழ் முதலாளிகள் அஞ்சினார்கள். மாலை 7 மணிக்கு முன் செய்தி வாசிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் மாலை செய்தியைச் சுற்றி அமைந்ததற்கு இந்தப் போட்டியே காரணம்.

அமெரிக்காவில் வழி வேறு. நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையம் 1922 ஆகஸ்ட் 28 அன்று, ஜாக்சன் ஹைட்ஸ் அடுக்குமாடி வீடுகளைப் பற்றி ஒரு வீட்டுமனை நிறுவனம் 10 நிமிடம் பேச 50 டாலர் வாங்கியது. குடும்பத்தின் வரவேற்பறையில் நேரடியாக வியாபாரம் பேசுவது நாகரிகமல்ல என்ற எதிர்ப்பு வலுவாக இருந்தது. அதனால் நிறுவனங்கள் சுற்றுவழியில் வந்தன: பொருளைப் பற்றிப் பேசாமல், இசைக்குழுவுக்கே தங்கள் பெயரைச் சூட்டின. 1923இல் தொடங்கிய எவரெடி பேட்டரி நிறுவனத்தின் ஒரு மணி நேர நிகழ்ச்சி இதற்கு முன்னோடி. பத்தாண்டுக்குள் அந்தக் கூச்சம் விலகி, நேரடி விளம்பரம் மாலைக்குள் நிறைந்தது. காலப்போக்கில் நிகழ்ச்சியைத் தயாரிப்பதும், நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதும் விளம்பர நிறுவனங்களின் கைக்குப் போயின. நிலையம் நேரத்தை மட்டும் விற்றது. கதைக்கு முன்னால் பற்பசை வருவது அதனால்தான்: கதை பற்பசைக்காரருடையது.

விலையுயர்ந்த கலைஞர்களை ஒரு நிலையம் தனியாக அழைக்க முடியாது. தொலைபேசிக் கம்பிகளால் பல நிலையங்களை இணைத்தால் செலவைப் பங்கிடலாம். 1926 நவம்பர் 15 அன்று என்பிசி இப்படித் தொடங்கியது. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இரவு எட்டு மணி முதல் நள்ளிரவுவரை விழா. நடுவில் சிகாகோவிலிருந்து மேரி கார்டன் பாடினார், கான்சஸ் மாநிலத்திலிருந்து நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ் பேசினார். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே சிரிப்பைச் சிரிப்பது இதிலிருந்து சாத்தியமானது.

ஏழு மணி, ஆறு நாள், கால் மணி நேரம்

இந்த எல்லாக் காரணங்களும் ஒன்றுசேர்ந்த இடம் 'ஏமஸ் அண்ட் ஆண்டி'. ஃப்ரீமேன் காஸ்டனும் சார்லஸ் கோரெலும் 1928 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கிய தொடர் இது. 1929 ஆகஸ்டில் பெப்சோடன்ட் பற்பசையின் ஆதரவில் என்பிசிக்கு வந்தது. வாரம் ஆறு இரவு, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். இரண்டு பேர், ஒரு ஒலிவாங்கி. இசைக்குழுவோ பெரிய நடிகர் கூட்டமோ வேண்டியதில்லை. தினமும் விட்ட இடத்திலிருந்து தொடரும் கதை நேயரை மறுநாளும் அதே நேரத்துக்கு இழுத்துவந்தது. திரையரங்குகள் படத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியில் இந்தத் தொடரைக் கேட்கவைத்து, பிறகு படத்தைத் தொடர்ந்தன.

இந்த வெற்றிக்குள் ஓர் அநீதி இருந்தது. எழுதி நடித்த இருவரும் வெள்ளையர். அவர்கள் குரல் கொடுத்த பாத்திரங்கள் கறுப்பர்கள், பேச்சும் அறிவும் கேலிக்குரியவையாகக் காட்டப்பட்டவர்கள். 1931இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் வார இதழ் தொடரை நிறுத்தக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. தொடர் நிற்கவில்லை. முகம் தெரியாத ஊடகத்தில் யாருடைய குரலை யார் பேசலாம் என்ற கேள்வி அன்றே எழுப்பப்பட்டுவிட்டது. பழைய நிகழ்ச்சிகளை இனிய நினைவாக மட்டும் கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நேர வலயமும் குறுக்கே வந்தது. கிழக்குக் கரையில் மாலை 7 மணி என்றால் பசிபிக் கரையில் பிற்பகல் 4 மணி. மேற்கில் உள்ளவர்கள் எதிர்த்ததால், இருவரும் அதே அத்தியாயத்தை அந்த இரவே மறுபடியும் நடித்தார்கள். பதிவை ஓடவிடுவது எளிது அல்லவா என்று தோன்றும். அதற்கான பதில் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

வெப்பமண்டலத்து மாலை

இதே மாதிரியை வேறு நிலத்தில் வைத்தபோது அது அப்படியே பலிக்கவில்லை. இந்திய ஒலிபரப்பு நிறுவனம் 1927 ஜூலை 23 அன்று பம்பாயிலும், ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவிலும் சிறிய மத்திய அலை நிலையங்களைத் தொடங்கியது. உரிமக் கட்டணம் 10 ரூபாய். கட்டணம் செலுத்தியவர்களின் எண்ணிக்கை போதாமல் 1930இல் நிறுவனம் மூடப்பட்டது. பணத்தைத் தவிர வானமும் எதிராக இருந்தது: வெப்பமண்டலத்தில் இடிமின்னல் மிகுதி, அதன் மின்னிரைச்சல் மத்திய அலையில் மாலையும் இரவும் பலமாகக் கேட்கும். அகில இந்திய வானொலி பிறகு, நீளம் குறைந்த, நெடுந்தொலைவு எட்டும் சிற்றலையைப் பெரிதும் சார்ந்ததற்கு நாட்டின் பரப்பளவோடு இதுவும் ஒரு காரணம். 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய சென்னை நிலையம் மத்திய அலையோடு சிற்றலையிலும் ஒலித்தது.

ஏன் பதிவுகள் இல்லை?

1. 1922இல் அமெரிக்க அரசு 400 மீட்டரில் உயர்தர நிலையங்களுக்குத் தனி வகுப்பு ஏற்படுத்தியபோது, அவை இசைத்தட்டு ஒலிபரப்பக் கூடாது என்று விதித்தது. கடையில் வாங்கக்கூடிய இசையைக் கொண்டு வானின் இடத்தை நிரப்பக் கூடாது என்பது வாதம்.

2. என்பிசியும் அதன் போட்டி வலையமைப்பான சிபிஎஸ்ஸும் இதைத் தங்கள் கொள்கையாகவே வைத்துக்கொண்டன. ஒரே நேரத்தில் நேரடியாக நாடு முழுவதும் எட்டுவதுதான் அவர்கள் விற்ற சரக்கு. தட்டை அஞ்சலில் அனுப்பி ஒலிபரப்பலாம் என்றால் அவர்களுடைய கம்பி இணைப்பு யாருக்கு வேண்டும்?

3. 1920களில் ஒலிபரப்பைப் பதிவு செய்ய எளிய வழியும் இல்லை. 1930களில் 16 அங்குல அலுமினியத் தட்டுகளும், 1934 அளவில் அரக்குப் பூச்சுத் தட்டுகளும் வந்தன. ஒரு பக்கத்தில் 15 நிமிடம் அடங்கும். விளம்பரதாரரிடம் காட்டவும் கோப்பில் வைக்கவும் இவற்றை வெட்டினார்கள். மீண்டும் ஒலிபரப்ப அல்ல. போர்க்காலத்தில் அலுமினியத் தட்டுப்பாட்டால் கண்ணாடித் தட்டில் வெட்டினார்கள். அவற்றில் நிறைய உடைந்துபோயின.

தடையை உடைத்தவர் பிங் கிராஸ்பி. 1946இல் ஏபிசி என்ற இன்னொரு வலையமைப்பில் அவருடைய நிகழ்ச்சி முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு ஒலிபரப்பானது. முதலில் தட்டில், 1947இலிருந்து காந்த நாடாவில். வெட்டி ஒட்ட முடிகிற நாடா வந்த பிறகு ஒரே இரவில் இருமுறை நடிக்கும் கட்டாயம் தளர்ந்தது. 1930களின் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பதிவுகள் கிடைத்து, ஒன்றில் சிரிப்பு வேறு இடத்தில் எழுந்து, ஒரு வசனம் தடுமாறி, முடிவு சில நொடிகள் தள்ளிப்போனால், ஒன்று கிழக்குக் கரைக்கும் மற்றொன்று மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கும் நேரடியாக நடித்ததாக இருக்கலாம்.